ஆங்கிலேயரின் மதுச்சொற்களும் நம் அளவுக் கிண்ணமும்

நம் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் பலர் ஆங்கிலப் புதினங்களை விரும்பிப் படிக்கின்றனர். ஆராய்ச்சிக்காக இங்கிலாந்து செல்வோரும் உளர். இவ்விரு சாராரும் ஒரு வகைச் சொற்களில் இடறி நிற்பதைக் கண்டிருக்கிறேன். 'ஹாஃப்' என்றால் எதன் பாதி? 'ரவுண்ட்' என்றால் எதைச் சுற்றி வருவது? ஒருவன் 'டைட்' ஆக இருந்தான் என்று கதாசிரியர் எழுதினால், இறுக்கமாக இருந்தது அவன் சட்டையா? அகராதியைப் புரட்டினால் பொருள் கிடைக்கும், வழக்கு கிடைக்காது. ஆகவே மதுவைப் பற்றியும் கூடிக் குடிப்பதைப் பற்றியும் ஆங்கிலேயர் வழங்கும் பேச்சு வழக்குகள் சிலவற்றை இங்கே ஆராய்வோம்.

வேதியியல் படிப்பவனுக்குச் சொல்லாராய்ச்சியில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக் கூடும். ஆய்வகத்தில், புட்டியின் மேல் ஒட்டிய சீட்டையும் புட்டிக்குள் இருக்கும் பொருளையும் தனித்தனியே சோதிக்கப் பழகியவன் நான். மதுவுக்கு ஒட்டப்படும் சீட்டு அதன் பெயர். அந்தப் பெயர் உள்ளே இருப்பதன் அளவைக் காட்டுகிறதா, மறைக்கிறதா என்பதே என் கேள்வி. குடிக்கலாமா கூடாதா என்ற வழக்கை வள்ளுவர் கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தில் பத்தே குறளில் முடித்துவிட்டார். நான் அதற்குள் புகவில்லை.

நம்மிடமிருந்து போன சொற்கள்

ஆங்கிலேயர் தம் சொந்தச் சொத்தென்று கருதும் மதுச்சொற்களுள் சில நம் நாட்டுச் சொற்களே. இவற்றை அறிய விரும்புவோர் 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் அகராதியைப் பார்க்கலாம். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் பேச்சுச் சொற்களைத் திரட்டிய பெருநூல் அது. அதைத் தொகுத்த யூல், பர்னெல் ஆகிய இருவருள் பர்னெல் சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியில் இருந்தவர். தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர்.

'பஞ்ச்' என்ற பானத்தை எடுத்துக்கொள்வோம். மது, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, நீர், நறுமணப் பொருள் என ஐந்து சேர்ந்ததால் இந்தியில் ஐந்தைக் குறிக்கும் 'பாஞ்ச்' என்ற சொல்லே பெயராயிற்று என்பது பலர் கொள்கை. பீப்பாயைக் குறிக்கும் 'பன்ச்சன்' என்ற சொல்லின் குறுக்கம் என்பாரும் உளர். எங்ஙனமாயினும், இச்சொல் காணப்படும் மிகப் பழைய ஆங்கில எழுத்துகளுள் ஒன்று 1632 செப்டம்பரில் எழுதப்பட்ட ஒரு கடிதம். அது யாருக்குப் போயிற்று என்பது நமக்குச் சுவையானது. இன்று ஆந்திரக் கரையில் நிஜாம்பட்டினம் எனப்படும் துறைமுகத்தில் இருந்த ஆங்கில வணிகர் ஒருவருக்கு அது எழுதப்பட்டது. அந்தத் துறைமுகம் அன்று கோல்கொண்டா சுல்தானின் ஆட்சியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் ஏறி நின்று படம் பிடித்துக்கொள்ளும் அதே கோல்கொண்டாதான்!

'அரக்' என்பது அரபுச் சொல். வியர்வை என்பது அதன் பொருள். காய்ச்சி வடிக்கும்போது ஆவி குளிர்ந்து துளித் துளியாகச் சொட்டுவதைப் பார்த்தவன் வைத்த பெயர் அது. வடித்தல் சோதனையைச் செய்து பார்த்த எவரும் இப்பெயரை மெச்சுவர். அதுவே ஆங்கிலத்தில் 'அராக்' ஆயிற்று. 'பிராந்தி பானி' என்று பழைய ஆங்கிலக் கதைகளில் வந்தால் மயங்க வேண்டா, பிராந்தியும் தண்ணீரும்தான்.

'டாடி' என்பது தந்தையை அழைக்கும் சொல்லன்று, கள்ளைக் குறிப்பது. பனை மரத்தைக் குறிக்கும் 'தாட்' என்ற இந்திச் சொல்லிலிருந்து 'தாடி' பிறந்தது. அது கப்பலேறி ஸ்காட்லாந்து சேர்ந்ததும் கள்ளை உதறிவிட்டது. வெந்நீர், விஸ்கி, சர்க்கரை சேர்ந்த கலவைக்கு அங்கே 'டாடி' என்று பெயர். சளி பிடித்தவருக்குப் பாட்டி கொடுக்கும் கை மருந்தாக அது மதிக்கப்படுகிறது. இங்கேயோ பெற்ற தாயான கள்ளின் நிலை வேறு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குவதே குற்றம்; விஸ்கிக்கு அரசே கடை நடத்துகிறது. ஐதராபாத்தில் நகரத்துக் கள்ளுக்கடைகள் 2004-இல் மூடப்பட்டு, தெலங்கானா மாநிலம் பிறந்த 2014-இல் மீண்டும் திறக்கப்பட்டன. இவ்வூர் உருது பேசுவோர் ஈச்சங்கள்ளைச் 'சேந்தி' என்பர். தெலுங்கர்க்கும் நமக்கும் 'கள்ளு' பொதுச்சொல். ஊர் விட்டு வந்த நமக்குச் சந்தையிலும் பேருந்திலும் புரியாத சொற்கள் எத்தனையோ. இந்த ஒரு சொல் மட்டும் முதல் நாளே புரிந்துவிடுகிறது.

பெயர் உயர்ந்தால் பொருளும் உயர்ந்ததாகக் கொள்ளும் இந்த வழக்கத்திற்கு மலாயாவிலிருந்து ஒரு சான்று தருகிறேன். அங்கே ரப்பர்த் தோட்டத் துரைமார் மாலை வேளையில் விஸ்கியும் சோடாவும் கலந்து அருந்தினர். அதற்கு 'ஸ்டெங்கா' என்று பெயர். பாதி என்ற பொருளுள்ள மலாய்ச் சொல்லின் திரிபு அது. சாமர்செட் மாமின் கதைகளைப் படித்தோர் இச்சொல்லைச் சந்தித்திருப்பர். அதே தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளர்க்குக் கள்ளுக்கடை இருந்தது. கூலி கை மாறிய நாளிலேயே அதில் ஒரு பங்கு அக்கடைக்குப் போயிற்று. 1947-இல் கெடா மாநிலத்தில் தொண்டர் படை என்ற பெயரில் திரண்ட தமிழ்த் தொழிலாளர் அக்கடைகளை மறித்தனர். காவல் துறையின் அடக்குமுறையில் உயிர்கள் போயின. வராந்தாவில் அருந்திய 'ஸ்டெங்கா'வை மறிக்க எவரும் போகவில்லை. அதைக் குடியென்றே எவரும் எண்ணவில்லை போலும்.

நாம் வாழும் இப்பகுதியிலும் அது நிகழ்ந்தது. நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா என்னும் சிற்றூரின் பெண்கள் 1992-இல் சாராயக் கடைக்கு எதிராக எழுந்தனர். முதியோர் கல்வி வகுப்புப் பாடநூலில் வந்த ஒரு கதை அவர்களைத் தூண்டிற்று என்பது மாணவராகிய நாம் பெருமையுடன் நினைக்கத் தக்கது. அப்போராட்டம் ஆந்திரம் முழுவதும் பரவி, 1993 அக்டோபர் முதல் நாள் சாராயம் தடை செய்யப்பட்டது. ஆனால் அத்தடை 'சாராயம்' என்ற சொல்லுக்கே உரியதாயிற்று. பிராந்தியும் விஸ்கியும் முழு மதுவிலக்கு வந்த 1995 ஜனவரி வரை கடைகளில் இருந்தன. 1997-இல் அவ்விலக்குத் தளர்ந்ததும் திரும்பி வந்தன. இந்நாட்டில் விஸ்கி என்ற பெயரில் விற்கும் பலவற்றின் அடிப்படை கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயமே. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி அதை 'விஸ்கி' என்ற பெயரில் அங்கே விற்க முடியாது. நிறமும் மணமும் பெயரும் ஏறியவுடன் அது கனவான் ஆகிவிடுகிறது.

மாலுமியும் மருந்தும்

இனி ஆங்கிலேயர் தாமே ஆக்கிய சொற்களுக்கு வருவோம். அவற்றுள் 'கிராக்' என்பது கடற்படையில் பிறந்தது. வெர்னன் என்ற கடற்படைத் தலைவர் 'கிராக்ரம்' என்னும் முரட்டுத் துணியில் மேலங்கி அணிவார். ஆதலின் மாலுமிகள் அவரைக் 'கிழட்டுக் கிராக்' என்றனர். 1740-இல் அவர், மாலுமிகளுக்குத் தரும் ரம்மில் நான்கு பங்கு நீர் கலக்க வேண்டும் என்று ஆணையிட்டார். நீர் கலந்த ரம்முக்கு அவர் பெயரே நிலைத்தது. கோபத்தில் வைத்த பெயர் என்றாலும், அந்த ஆணையில் அறிவியல் இருந்தது. கடற்படையில் ரம் வழங்கும் வழக்கம் 1970 ஜூலை 31 வரை நீடித்தது என்றால் நம்புவீர்களா?

'புரூஃப்' என்ற சொல்லையும் இங்கே சொல்ல வேண்டும். வெடிமருந்தை மதுவில் நனைத்துத் தீ வைப்பார்களாம். பற்றிக்கொண்டால் மது தரமானது என்பதற்கு அதுவே சான்று. பிற்காலத்தில் ஆங்கிலேயர் அச்சான்றுக்கு அளவு வகுத்தனர். கன அளவில் நூற்றுக்கு ஏறத்தாழ 57.1 பங்கு எத்தில் ஆல்கஹால் இருந்தால் அது 'புரூஃப்' நிலை. நம் நாட்டு விஸ்கிப் புட்டிகளில் 42.8 என்று ஒரு விந்தையான எண் அச்சிட்டிருக்கும். நாற்பது என்றோ நாற்பத்தைந்து என்றோ முழு எண்ணாக வைக்காமல் ஏன் இந்தப் பின்னம்? 57.1-இல் முக்கால் பங்கு 42.8. அதாவது, புரூஃபுக்கு இருபத்தைந்து குறைவு. பிரிட்டன் அந்த அளவையை 1980-இல் கைவிட்டு, நூற்று வீதத்துக்கு மாறிவிட்டது. நாமோ அந்தப் பழைய வெடிமருந்தின் எண்ணை இன்னும் புட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

'ஜின்-டானிக்' பற்றிய கதை எல்லோரும் அறிந்தது. மலேரியாவுக்கு மருந்தான குயினைன் கசக்கும். அக்கசப்பைப் போக்க இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் ஜின்னைச் சேர்த்தனர் என்பர். 1860-களில் நீலகிரியிலேயே சின்கோனா மரங்களை வளர்த்து அவர்கள் குயினைன் எடுத்தனர். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் கண்டது நம் செகந்தராபாத்தில், 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள். பேகம்பேட்டையில் அக்கட்டடம் இன்னும் இருக்கிறது. பார்க்காதவர் ஒருமுறை போய்ப் பாருங்கள். இவையெல்லாம் சரி. ஆனால் இன்றைய டானிக் நீரை மருந்தென்று சொல்லிக் குடிப்போர் கணக்கும் போட வேண்டும். அமெரிக்க விதிப்படி அதில் ஒரு லிட்டருக்கு 83 மில்லிகிராம் குயினைனுக்கு மேல் இருக்கக் கூடாது. மலேரியா நோயாளிக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ ஏறத்தாழ 1,800 மில்லிகிராம். நாளொன்றுக்கு இருபத்தொரு லிட்டருக்கு மேல் குடித்தால்தான் மருந்தாகும்!

'டானிக்' போன்ற பெயர் மதுவை மருந்தாக்குகிறது என்றால், 'சாராயம்' என்ற பெயர் சில வேளைகளில் நஞ்சையே மூடுகிறது. மெத்தில் ஆல்கஹாலையும் எத்தில் ஆல்கஹாலையும் நாவும் மூக்கும் பிரித்தறிய மாட்டா. உடலில் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கிறது, உயிரையும் குடிக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது இதனால்தான். விற்றவன் சொன்ன சொல்லை நம்பியே அவர்கள் வாங்கினர்.

பெக், ஹாஃப், கட்டிங்

மதுச்சொற்களுள் பெரும்பாலானவை சிறுமைப் பொருள் தருவன என்பதைக் கவனித்தீர்களா? 'ஹாஃப்', 'ஸ்மால்', 'சோட்டா பெக்', 'ஸ்டெங்கா', நம்மவர் 'கட்டிங்' - எல்லாம் பாதி, கொஞ்சம், துண்டு என்றே பேசுகின்றன. இச்சொற்களைத் தராசில் நிறுத்திப் பார்ப்போம்.

எத்தில் ஆல்கஹாலின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 0.789 கிராம். ஒரு சிறிய 'பெக்' 30 மில்லிலிட்டர். 42.8 வீதத்தில் அதனுள் இருப்பது 10 கிராம் ஆல்கஹால். இதையே நாம் ஓர் அலகாகக் கொள்வோம். ஆந்திரரும் தெலங்கானரும் 'நைன்ட்டி' என்பதும் நம்மூரில் 'கட்டிங்' என்பதும் 90 மில்லிலிட்டர். அதாவது 30 கிராம், மூன்று அலகு. 'குவார்ட்டர்' என்னும் 180 மில்லிலிட்டரில் ஆறு அலகு.

'ஹாஃப்' என்ற சொல்லைப் பாருங்கள். லண்டன் மதுக்கடையில் ஒருவர் 'ஹாஃப்' கேட்டால் அரை பைன்ட் பீர் தருவர். அது 284 மில்லிலிட்டர். நான்கு வீத பீரானால் 9 கிராம் ஆல்கஹால். அமீர்ப்பேட்டைக் கடையில் அதே சொல்லைச் சொன்னால் 375 மில்லிலிட்டர் புட்டி வரும். அதில் 127 கிராம்! ஒரே சொல், பதினான்கு மடங்கு வேறுபாடு. கடல் கடந்து செல்லும் நண்பர்களும், அங்கிருந்து வரும் விருந்தினரும் இதை நினைவில் கொள்வது நன்று.

'வெறும் பீர்தானே' என்பது நம் விடுதிகளில் அடிக்கடி கேட்கும் வாக்கு. 650 மில்லிலிட்டர் புட்டியில் ஐந்து வீத பீர் இருந்தால் இரண்டரை அலகு. 'ஸ்ட்ராங்' என்று விற்கும் எட்டு வீத பீரானால் 41 கிராம், நான்கு அலகுக்கும் சற்று மேல். 'வெறும்' என்ற அடைமொழிக்கு இங்கே இடமில்லை.

கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஓர் அலகைத்தான் எரிக்கும். கட்டங்காப்பியும் குளிர்ந்த நீரும் அதை விரைவுபடுத்தா. குடித்தவனை விழித்திருக்கும் குடியனாக மாற்றும், அவ்வளவே. விட்மார்க் என்ற சுவீடன் நாட்டு அறிஞரின் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன். அறுபது கிலோ எடையுள்ள ஆண் ஒரு சிறிய பெக் அருந்தினால் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 25 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கும். அதே எடையுள்ள பெண்ணுக்கு இது கூடுதலாகும். நம் நாட்டில் வண்டி ஓட்டுவோர்க்குச் சட்டம் வைத்த எல்லை 30. இங்கிலாந்தில் அது 80. ஆங்கிலப் படத்தில் இரண்டு பெக் அருந்திவிட்டுச் சட்டத்திற்கு அஞ்சாமல் வண்டி ஓட்டுபவனைப் பார்த்து, இங்கே கச்சிபௌலிச் சாலையில் அவ்வாறு செய்ய இயலாது. எண் ஒருபுறம் இருக்க, அந்த இரவு லாரிகள் சட்டம் படித்தவை அல்ல.

எந்த அளவு குடித்தாலும் தீங்கில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. அலகுக் கணக்கு, தீங்கு எவ்வளவு என்று அறியவே உதவும்; தீங்கே இல்லை என்று காட்ட உதவாது.

விளையாட்டுச் சொற்கள்

போதை ஏறியவனைக் குறிக்க ஆங்கிலத்தில் உள்ள சொற்களை எண்ணி மாளாது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1737-இல் தம் இதழில் வெளியிட்ட பட்டியலிலேயே இருநூற்றுக்கும் மேற்பட்டவை உள்ளன. 'டைட்', 'பிளாட்டோ', 'ஸ்குவிஃபி', 'லெக்லெஸ்' என்று வேடிக்கையாக ஒலிப்பவையே மிகுதி. கடைசிச் சொல்லுக்குக் காலற்றவன் என்று பொருள், நிற்க முடியாதவன். 'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்' என்பதைக் காற்றில் பறக்கும் மூன்று துணிகள் என்று பலர் கொள்கின்றனர். கப்பற்காரர் மொழியில் 'ஷீட்' என்பது பாயை இழுத்துக் கட்டும் கயிறு. கயிறு அவிழ்ந்த கப்பல் தள்ளாடும், அதுதான் உவமை.

ஆனால் எல்லாம் வேடிக்கையன்று. ஜின்னுக்கு 'மதர்ஸ் ரூயின்' என்று ஒரு பெயர் உண்டு. தாயைக் கெடுத்தது என்று பொருள். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் ஏழைகளிடையே மலிவான ஜின் கொள்ளை நோய் போலப் பரவிற்று. ஹோகார்த் என்ற ஓவியர் 1751-இல் வரைந்த 'ஜின் சந்து' படத்தில், குடித்த தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழுகிறது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்தச் சட்டம் செய்தது. அடுத்த முறை கதையில் இச்சொல்லைக் கண்டு சிரிக்கும்போது அக்குழந்தையும் நினைவுக்கு வரும்.

ரவுண்டும் டீடோட்டலும்

கூடிக் குடிப்பது பற்றிய சொற்களுள் மாணவர்க்கு முதன்மையானது 'ரவுண்ட்'. நண்பர் ஐவர் மதுக்கடைக்குச் சென்றால் ஒருவர் ஐவருக்கும் வாங்குவார். தீர்ந்ததும் அடுத்தவர் ஐவருக்கும் வாங்குவார். தன் முறை வரும்போது நழுவுபவன் கஞ்சன் என்று பெயர் எடுப்பான். வாங்கிக் குடித்துவிட்டு முறை முடியுமுன் எழுந்து போவதும் இழுக்கு. ஆக, ஐவர் என்றால் ஐந்து பைன்ட். நான்கு வீத பீரில் 90 கிராம், ஒன்பது அலகு. ஒருவன் எவ்வளவு குடிக்கிறான் என்பதை அவன் தாகம் முடிவு செய்வதில்லை. மேசையைச் சுற்றியிருக்கும் நாற்காலிகளின் எண்ணிக்கை முடிவு செய்கிறது.

இது கற்பனைக் கவலையன்று. முதல் உலகப் போரின்போது குடியால் தொழிற்சாலை வேலை கெடுகிறது என்று கண்ட பிரிட்டிஷ் அரசு, 1915 அக்டோபரில் லண்டனில் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒருவர் பிறருக்கு மது வாங்கிக் கொடுப்பது குற்றம். உணவோடு அளிக்கும் விருந்துக்கு மட்டும் விலக்கு. குடிப்பதைத் தடுக்காமல், குடிக்க வைப்பதைத் தடுத்த ஆணை அது.

கொடுத்து உண்ணும் வழக்கம் நமக்கும் பழையதே. கள், நறவு, தேறல், மட்டு, தோப்பி என்று சங்க நூல்களில் பல பெயர்கள் உண்டு. யவனர் கொணர்ந்த மது பாண்டியன் அரண்மனையில் இருந்ததைப் புறநானூறு கூறுகிறது. அதியமான் இறந்தபோது ஔவை பாடிய கையறுநிலையை நம்மில் பலர் அறிவோம். கள் குறைவாக இருந்தால் தான் உண்ணாமல் பிறர்க்குத் தந்தவன் என்று அவர் நினைத்து அழுதார். அவன் யாரையும் முறை வைத்துக் குடிக்கச் சொன்னதாக அப்பாட்டில் இல்லை. நம் விடுதியில் நடக்கும் 'ட்ரீட்' அதியமான் வழியைவிட 'ரவுண்ட்' வழியையே நெருங்கி நிற்கிறது என்பது என் கருத்து.

குடிக்காதவரைக் குறிக்கும் 'டீடோட்டலர்' என்ற சொல்லைத் தேநீர் மட்டும் அருந்துபவர் என்று பலர் பொருள் கொள்கின்றனர். தேநீருக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1833-இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் ரிச்சர்ட் டர்னர் என்ற தொழிலாளி மதுவொழிப்புக் கூட்டத்தில் பேசினார். பீர் மட்டும் குடிக்கலாம் என்ற அரைகுறை நோன்பு வேண்டா, முழு நோன்பே வேண்டும் என்பது அவர் வாதம். 'டோட்டல்' என்ற சொல்லை அழுத்திச் சொல்ல முன்னே ஒரு 'டீ' சேர்த்து 'டீ-டோட்டல்' என்றார். 'முழுமுழுக்க' என்று நாம் இரட்டிப்பது போல.

இங்கிலாந்து செல்லும் நண்பர்க்கு ஒரு செய்தி. அங்கே ரவுண்டில் சேர மது அருந்த வேண்டும் என்ற விதி இல்லை. உம் முறையில் பிறருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறர் முறையில் 'எனக்கு ஒரு டானிக்' என்று சொன்னால் போதும். முறை தவறாதவர் என்ற பெயர் நிற்கும். இங்கே நம் முதலாண்டுத் தம்பி தங்கையர் பலர் இருபத்தொரு வயது நிரம்பாதவர். தெலங்கானச் சட்டப்படி அவர்க்கு மது விற்பதே குற்றம். வரவேற்பு விருந்துக்குப் பிறகு யாரேனும் 'ஒரு கட்டிங்தானே' என்று நீட்டினால், 'முப்பது கிராமா, அண்ணா?' என்று கேட்டுப் பாருங்கள்.